மீனுக்குள்ளே ஒரு கண்ட்ரோல் சிஸ்டம்

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல 'அன்ஸ்டேபிள் சிஸ்டம்' படிச்சிருப்பீங்க. அதற்கு உயிருள்ள உதாரணம் மீனின் காற்றுப்பை. 10 மீட்டர் ஆழத்தில் அசையாமல் மிதக்கும் காட் மீன் கொஞ்சம் மேலே ஏறினால் நீரழுத்தம் குறையும், பை விரியும், மிதப்பு கூடும், மீன் இன்னும் மேலே போகும். நீர்மட்டம் வரை வந்துட்டா வாயுவின் பருமன் இரண்டு மடங்கு. பாயில் விதிதான், வேற ஒண்ணுமில்ல.

அப்போ வாயுவை ஏற்றி இறக்க வழி வேணும். கெண்டைக்குப் பையிலிருந்து உணவுக்குழாய்க்கு ஒரு குழாய் உண்டு; காற்றை விழுங்கும், வெளியே விடும். காட் மீனின் பை முழுக்க மூடியது. எல்லாம் இரத்தம் வழியாகத்தான்.

பையின் சுவரைப் பாருங்க. வெளியே கொலாஜன் இழைகள், உள்ளே எபிதீலியமும் மென்தசையும். நடுவில் குவானின் படிகங்கள் மெல்லிய தகடுகளாக அடுக்கியிருக்கும். வாயு கசியாமல் காப்பது பெரும்பாலும் இவைதான். செதில் வெள்ளியாக மின்னுவதற்கும் இதே பொருள்தான் காரணம்!

உள்பக்கம் ஓரிடத்தில் எபிதீலியம் தடித்து வாயுச் சுரப்பி ஆகிறது. அந்தச் செல்கள் லாக்டிக் அமிலத்தை இரத்தத்தில் விடும். அமிலம் கூடினதும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைக் கைவிடும். சுரப்பியை ஒட்டி ஒரு தந்துகி வலை. அதில் வரும் இரத்தமும் திரும்பும் இரத்தமும் எதிரெதிராக ஓடுவதால், தப்பிக்கப் பார்க்கும் ஆக்சிஜன் மறுபடி சுரப்பிக்கே திரும்பும். மெக்கானிக்கல் நண்பர்களுக்குத் தெரிந்த கவுன்டர் ஃப்ளோ ஹீட் எக்ஸ்சேஞ்சர் இதேதான், வெப்பத்துக்குப் பதில் வாயு.

சரி, சுவிட்சைப் போடுவது யார்? 1894-ல் டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர் (அணு மாதிரி தந்த நீல்ஸ் போரின் அப்பா) காட் மீனின் பையிலிருந்து வாயுவை எடுத்துவிட்டுப் பார்த்தார். சில மணி நேரத்தில் மறுபடி நிரம்பியது. பைக்குப் போகும் வேகஸ் நரம்புக் கிளைகளை வெட்டினார், நிரம்பவே இல்லை. ஆக, சுரப்பி தானாக ஓடுவதில்லை, நரம்பு சொன்னால்தான் ஓடும். சுவர் எவ்வளவு விரிந்திருக்கு என்ற தகவலை மூளைக்குக் கொண்டு போகும் நரம்பிழைகளும் உண்டு. அதாவது சென்சாரும் இருக்கு, ஆக்சுவேட்டரும் இருக்கு. வாயுவை வெளியேற்ற 'ஓவல்' என்ற மெல்லிய சுவர்ப் பகுதி. அதைத் திறந்து மூடும் தசையும் நரம்பின் பிடியில்தான்.

ஆனால் இந்த லூப் ரொம்ப மெதுவானது. நிரம்பவே மணிக்கணக்காகும். ஆழத்திலிருந்து தூண்டிலில் சரசரவென இழுத்தால் ஓவலால் ஈடுகொடுக்க முடியாது. பை ஊதி, சில மீன்களுக்கு வயிறே வாய் வழியாகப் பிதுங்கி வந்துவிடும். திரும்பக் கடலில் விட்டாலும் கீழே இறங்க முடியாமல் மிதந்தே செத்துப்போகும். அமெரிக்காவின் பசிபிக் கரையில் ராக்ஃபிஷ் பிடிப்பவர்கள், வேண்டாத மீனை எடை கட்டிய கருவியில் மாட்டி ஆழத்துக்கே இறக்கி விடுவது இதனால்தான். அங்கே அழுத்தம் பையைச் சுருக்கிவிடும், மீன் நீந்திப் போயிடும்.