கிரவுன் ஆயிலை எப்போது மாற்ற வேண்டும்?



சென்ற மழைக்காலத்தில் நம் டிரஸ்ட் ஆம்புலன்ஸ், முழங்கால் அளவு தண்ணீர் தேங்கிய தெருவுக்குள் சென்று ஒரு நோயாளியை ஏற்றி வந்தது. இரண்டு மாதம் கழித்து, வண்டியின் பின்பக்கம் இரைச்சல் கேட்பதாக ஓட்டுநர் சொன்னார். இப்போதுதானே சர்வீஸ் செய்தோம் என்று நாங்கள் அலட்சியமாக இருந்துவிட்டோம். ஒருநாள் இரவு, நோயாளியுடன் போகும்போதே வண்டி நின்றுவிட்டது. வேறு வண்டி பிடித்து அவரை மருத்துவமனையில் சேர்த்தோம். அல்ஹம்துலில்லாஹ், அவர் நலமானார். ஆனால் தவறு எங்களுடையது.

மெக்கானிக் கழற்றியபோது, ஹவுசிங்கிலிருந்து பால் கலந்த தேநீர் நிறத்தில் ஆயில் வடிந்தது. பேரிங் நொறுங்கி, கிரவுன், பினியன் பற்களும் உடைந்திருந்தன. என்ஜின் ஆயிலை மாற்றினால் இந்த ஆயில் மாறிவிடாது; இது தனி. இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

தண்ணீர் எப்படி உள்ளே போனது? ஓடிய வண்டியின் ஹவுசிங் சூடாக இருக்கும். தண்ணீரில் இறங்கியதும் திடீரெனக் குளிர்ந்து, உள்ளிருக்கும் காற்று சுருங்கும். அப்போது மேலுள்ள பிரீதர் துளை வழியாகவும், தேய்ந்த ஆயில் சீல் வழியாகவும் தண்ணீர் உறிஞ்சப்படும். கிரவுனும் பினியனும் ஒன்றன்மீது ஒன்று கடுமையாக உரசிச் சுழல்பவை. தண்ணீர் கலந்த ஆயில் அவற்றைக் காப்பாற்றாது.

வேன், லோடு வண்டி, ஜீப் என்று பின்சக்கரம் இழுக்கும் வண்டி வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை:

1. எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்பதை வண்டியின் கையேட்டில் பாருங்கள். அதிக பாரம், மலைப்பாதை என்றால் முன்கூட்டியே மாற்றுங்கள்.

2. அச்சு மூழ்கும் அளவு தண்ணீரில் போயிருந்தால், கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் உடனே ஆயிலைச் சோதியுங்கள். வெளுத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

3. இரைச்சல் கேட்டாலோ, பின்சக்கரத்தின் உட்பக்கம் ஆயில் கசிந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். கசியும் ஆயில் பிரேக் லைனிங்கை நனைத்தால் பிரேக் பிடிக்காது. பிரீதர் அடைத்திருந்தாலும் சீல் கசியும்.

4. வண்டி சிறிது ஓடிச் சூடான பிறகு வடியுங்கள். முதலில் ஊற்றும் பிளக்கைத் திறக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டே கீழ் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக்கின் காந்தத்தில் மை போன்ற இரும்புத்தூள் ஒட்டியிருப்பது வழக்கம். துண்டு துண்டாக இருந்தால் பற்களைச் சோதிக்க வேண்டும்.

5. கையேட்டில் சொல்லியிருக்கும் ஆயிலையே வாங்குங்கள். பல வண்டிகளுக்கு ஜி.எல்-5 தரம் வேண்டும். என்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள்.

இப்போது ஆம்புலன்ஸில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், தண்ணீரில் இறங்கிய நாள் எல்லாம் அதில் பதிவாகின்றன. ஓட்டுநர் குறை சொன்னால் அன்றே மெக்கானிக்கிடம் காட்டுகிறோம். மக்கள் தந்த பணத்தில் வாங்கிய வண்டி நம்மிடம் உள்ள அமானிதம். உங்கள் வீட்டு வண்டியும் உங்கள் பிள்ளைகளைச் சுமப்பதுதான். அடுத்த மழைக்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.