தபால்ல டிகிரியா? சேருறதுக்கு முன்னாடி பாருங்க!

குற்றாலத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, அருவியில குளிக்கத் தடை இருக்கான்னு விசாரிக்கிறோம் இல்லையா? தொலைநிலைப் படிப்புக்கும் அந்தப் பழக்கம் வேணும்.

2017 நவம்பர் 3-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு நம்ம துறையைப் பற்றியது. சேலத்தில் உள்ள ஒன்று உட்பட 4 நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், ஏஐசிடிஇ அனுமதி இல்லாமல் தொலைநிலையில் பொறியியல் பட்டம் கொடுத்திருந்தன. 2001–05 கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது; தனித்தேர்வு எழுதித் தேறினால்தான் செல்லும். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து. தப்பு நிறுவனத்தோடது, அடி படிச்சவங்களுக்கு!

அதனால, சேருறதுக்கு முன்னாடி:

1. யுஜிசி தொலைநிலைக் கல்விப் பணியகத்தின் இணையதளத்தைப் பாருங்க. பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் போதாது; நீங்க சேரும் படிப்பும் கல்வியாண்டும் பட்டியல்ல இருக்கணும்.

2. நாக் தரச்சான்று நிறுவனத்துக்கு உரியது. அது படிப்புக்கான அனுமதி ஆகாது.

3. மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநிலத்துக்கு வெளியே கற்றல் மையம் நடத்தக் கூடாது. செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் உள்ள கேரளப் பல்கலைக்கழகத்தின் 'மையம்' தென்காசியில இருந்தா உஷார்!

4. 2020 விதிகளின்படி பி.இ., பி.டெக். படிப்புகளுக்குத் தொலைநிலையில் அனுமதியே கிடையாது. யாராவது 'இருக்கு'ன்னா, பணம் கட்டாதீங்க.

பட்டியல்ல பேர் இருந்தா, அந்தப் பக்கத்தைத் தேதியோட பிரிண்ட் எடுத்து, ஃபீஸ் ரசீதோட சேர்த்து வைங்க.