பழைய காருக்குப் பழைய மீட்டர்: தேடுவதும் பொருத்துவதும்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் சில வீட்டுக் கொட்டகைகளில் அப்பா அல்லது தாத்தா ஓட்டிய அம்பாசடரோ பியட்டோ இன்றும் நிற்கிறது. அதைப் புதுப்பிக்க விரும்பும் அன்பர்கள் எஞ்சினையும் பெயிண்டையும் நன்றாகவே கவனிக்கிறார்கள். டாஷ்போர்டுக்கு வரும்போது மட்டும் துளைக்குள் அடங்கும் ஏதோ ஒரு மீட்டரை மாட்டிவிடுகிறார்கள். வேகத்தையும் பெட்ரோலையும் தவறாகக் காட்டும் மீட்டர் அழகாக இருந்து என்ன பயன்?

ரயில்வேயில் பாகத்தின் எண்ணையும் வரைபடத்தையும் ஒத்துப் பார்த்த பிறகே ஸ்டோரிலிருந்து பொருள் எடுப்போம். காருக்கும் அதே முறைதான்.

1. காரின் காலத்தை அறிதல்

‘அம்பாசடர் மீட்டர்’ என்று மட்டும் கேட்டால் போதாது. 1950களின் இறுதியில் தொடங்கி 2014 வரை அந்தக் கார் வந்தது. 1963-ல் மார்க் 2 வந்தபோது முன்கிரில்லோடு டாஷ்போர்டும் மாறியது. எனவே ஆர்.சி. புத்தகத்தில் உள்ள ஆண்டை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு மீட்டர் முகப்பைப் படியுங்கள். மைல் கணக்கா, கிலோமீட்டர் கணக்கா? தயாரிப்பாளர் யார்? கோயம்புத்தூர் பிரிக்கால் நிறுவனம் 1970களின் நடுவில்தான் தொடங்கியது. 1964-ஆம் ஆண்டுக் காரில் அந்தப் பெயர் இருந்தால், அது பின்னாளில் மாட்டியது என்று தெரிந்துவிடும்.

2. எங்கே தேடுவது?

முதலில் உங்கள் காரிலேயே தேடுங்கள். ஓடாத மீட்டர்களில் பலவும் கேபிள் அறுந்தோ கிரீஸ் இறுகியோ நின்றவைதான். சுத்தம் செய்து பழுது பார்த்தால் அசல் பாகமே கிடைத்துவிடும்.

அடுத்து, களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்துப் பழைய டாக்சி மெக்கானிக்குகளை விசாரியுங்கள். சென்னை புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகள் பலரும் அறிந்தவை. எங்கே வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள். அசல் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க, கோவையில் 2015-ல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகம் உதவும்.

3. ஸ்பீடோமீட்டர் கணக்கு

கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதைச் சுற்றியுள்ள அலுமினியக் கிண்ணம் அந்த விசையால் திரும்ப முயல்கிறது. மெல்லிய சுருள்வில் அதைத் தடுக்கிறது. இரண்டும் சமன்படும் இடத்தில் முள் நிற்கிறது.

ஒரு மைலுக்கு அல்லது கிலோமீட்டருக்குக் கேபிள் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது மீட்டருக்கு மீட்டர் மாறும். பல பழைய ஸ்மித்ஸ் மீட்டர்களின் முகப்பில் அந்த எண் சிறிதாக அச்சாகியிருக்கும். உங்கள் காரின் எண்ணைக் கண்டுபிடிக்கும் முறை இது:

சமதரையில் 10 மீட்டர் அளந்து கோடு போடுங்கள். கேபிளை மீட்டரிலிருந்து கழற்றி, உள்கம்பியின் முனையில் காகிதக் கொடி ஒன்றை ஒட்டுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, காரை நேராகத் தள்ளி, கொடியின் சுற்றுகளை எண்ணுங்கள். அதை 100-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கணக்கு. மைல் மீட்டருக்கு 52 அடி 9½ அங்குலம் தள்ளி, அதேபோல் 100-ஆல் பெருக்குங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள்.

கார் 1250 தந்து, வாங்கும் மீட்டரில் 1000 என்று இருந்தால், 40-ல் போகும்போது முள் 50 காட்டும். ஓடிய தூரமும் அதே விகிதத்தில் கூடிவிடும்.

4. மின்சார மீட்டர்கள்

பழைய பிரிட்டிஷ் வகைக் கார்கள் பலவற்றில் பாட்டரியின் பாசிடிவ் முனைதான் பாடியோடு ‘எர்த்’ ஆகியிருக்கும். இதைப் பார்க்காமல் கைவைக்கக் கூடாது. ஆம்பியர் மீட்டரின் வயர்கள் இடம் மாறினால், சார்ஜ் ஏறும்போது இறங்குவதாகக் காட்டும்.

பெட்ரோல் மீட்டரில் இரண்டு வகை உண்டு. சாவி போட்டதும் முள் சட்டென்று எழுந்தால் பழைய வகை. அது 12 வோல்ட்டில் நேரடியாக ஓடும். மெதுவாக எழுந்தால், சூடேறி வளையும் இரட்டை உலோகத் தகடு உள்ள வகை. ஸ்மித்ஸ் தயாரிப்பில் இதற்குச் சுமார் 10 வோல்ட் தரும் ஸ்டெபிலைசர் வேண்டும். அது இல்லாமல் மாட்டினால், டேங்கில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டி உங்களை நடுவழியில் நிறுத்திவிடும். டேங்கிலுள்ள மிதவைக் கருவியும் மீட்டருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

5. பொருத்தும்போது

பாட்டரியைக் கழற்றிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். ஒவ்வொரு வயருக்கும் சீட்டுக் கட்டி, படமும் வரைந்துகொள்ளுங்கள். கேபிளை 6 அங்குல ஆரத்துக்குள் வளைக்காதீர்கள். உள்கம்பிக்கு மெல்லிசாகக் கிரீஸ் தடவி, மீட்டர் பக்கத்து 8 அங்குலத்தை மட்டும் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கிரீஸ் மீட்டருக்குள் ஏறிவிடும். மரப்பலகை டாஷ்போர்டானால் மீட்டர்களுக்குத் தனி எர்த் வயர் தேவை. முகப்பைப் பெட்ரோலால் துடைத்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

2021-ல் வந்த மத்திய விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றமில்லாத வாகனத்தை வின்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். டாஷ்போர்டின் உண்மையைக் காப்பது நம் பொறுப்பு. மீட்டரை மாற்றினால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் தேதியோடு எழுதிக் காரிலேயே வையுங்கள். பழைய மீட்டரைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். அதில் நிற்கும் எண் உங்கள் குடும்பம் ஓடிய தூரம்.

பயிற்சி: விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்து 10 மீட்டர் சோதனையைச் செய்யுங்கள். தள்ளுவது பெரியவர்கள் வேலை. எண்ணுவதும் பெருக்குவதும் பிள்ளைகள் வேலை.