யாரை முதலில் கவனிப்பது?



திருப்பதியில் பயிலும் நாம் 2025 ஜனவரி 8ஆம் நாள் இரவை மறத்தல் ஆகாது. வைகுண்ட வாயில் தரிசனச் சீட்டுக்காகக் கூடியிருந்த மக்களிடையே நெரிசல் ஏற்பட்டு அறுவர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். மாண்டவருள் தமிழகத்தாரும் இருந்தனர். பலர் ஒருங்கே வீழ்ந்து கிடக்க, உதவும் கைகள் சிலவே இருப்பின், யாரை முதலில் கவனிப்பது? மருத்துவ மாணவனாகிய நான் இவ்வினாவிற்கு விடை கூற முற்படுகிறேன்.

இவ்விடை போர்க்களத்தில் பிறந்தது. நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் லாரே, தளபதி, சிப்பாய் என்ற வேற்றுமை பாராமல், காயத்தின் கடுமையை நோக்கியே சிகிச்சை தந்தார். இதுவே தரம்பிரித்தல் எனப்படும். 1983இல் கலிபோர்னியாவில் வகுக்கப்பட்ட 'ஸ்டார்ட்' முறை இதனை எளிதாக்கிற்று. ஒருவரைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும்.

முதலில், நடக்க இயன்றோரை ஓரிடத்திற்கு வரச் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பச்சை நிறம். பிறரிடம் மூச்சைப் பார்க்க வேண்டும். மூச்சில்லையேல் தாடையை முன்னே தூக்கி மூச்சுவழியைத் திறக்க வேண்டும். மூச்சு திரும்பினால் சிவப்பு, திரும்பாவிடின் கறுப்பு. நிமிடத்திற்கு 30க்கு மேல் மூச்சு வாங்கினாலும், மணிக்கட்டில் நாடி இல்லாவிடினும், எளிய கட்டளைக்கு இணங்காவிடினும் சிவப்பு. எஞ்சியோர் மஞ்சள். சிவப்புக்கே முதலிடம். கறுப்பு என்பது கொடிய சொல்தான். கைகள் போதிய அளவில் இருப்பின் அவர்களுக்கும் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயலலாம்.

போர்க்களத்தில் பெரும்பாலும் குருதிப்பெருக்கே காக்கக்கூடிய உயிர்களைப் பறிக்கிறது. ஆதலின் அங்குக் காயத்தை அழுத்துதலும், கை கால்களை இறுகக் கட்டுதலும் முதன்மை பெறும். நெரிசலிலோ மிதிபடுவதினும் மூச்சடைப்பே பெருங்கொலைஞன். நெஞ்சுக்கூடு விரிய இடமின்றி மூச்சு நின்றுவிடும். அலறுபவனுக்கு மூச்சு உண்டு. ஓசையின்றிக் கிடப்பவனையே முதலில் நாட வேண்டும்.

இங்கு மொழியின் பங்கு யாது? வேலூரிலிருந்து சித்தூர் வழியாகவும், சென்னையிலிருந்து புத்தூர் வழியாகவும் நம்மவர் நாள்தோறும் இந்நகருக்கு வருகின்றனர். "செய்யி எத்தண்டி" என்று தெலுங்கில் கட்டளையிட்டால், தமிழ் மட்டுமே அறிந்த மூதாட்டி விழித்து நிற்பார். நினைவு தெளிவாக இருந்தும் அவருக்குச் சிவப்பு கிடைக்கலாம். உண்மையிலேயே உயிருக்குப் போராடும் மற்றொருவரின் முறை பிந்தலாம். "கையைத் தூக்குங்கள், அம்மா" என்ற ஒரு சொல் அப்பிழையைத் தடுக்கும். அச்சொல்லைச் சொல்ல மருத்துவப் பட்டம் வேண்டுமோ?

ஆகவே, இரு மொழியும் அறிந்த நாம் முதலுதவிப் பயிற்சி பெறுவோம். நெரிசலுக்குள் பாயாமல், 108க்கு அழைத்து, மருத்துவப் பணியாளர் பக்கத்தில் நின்று அவர்தம் நாவாக உதவுவோம். கற்ற மொழி உயிர் காக்குமாயின், அதனினும் சிறந்த மொழித்தொண்டு வேறு யாது?