மேசைமேல் வாட்டர்லூ: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பிரிட்டனின் பல ஊர்களில் வாரம் ஒரு மாலை, ஊர்ப் பொதுமண்டபத்திலோ தேவாலயத்தை ஒட்டிய கூடத்திலோ மேசைகளைச் சேர்த்துப்போட்டு, பச்சை விரிப்பு விரித்து, 28 மில்லிமீட்டர் உயர வீரர்களை அணி அணியாக நிறுத்தி நெப்போலியன் காலத்துப் போர்களை ஆடுகிறார்கள். பகடை, அளவு நாடா, ஒரு விதிப்புத்தகம், இவ்வளவுதான் கருவிகள். ப்ரஷ்ய ராணுவம் 1824லேயே தன் அதிகாரிகளுக்கு இப்படியொரு வரைபட ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தது. எச்.ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதி அதை வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தார்.

சதுரங்கத்தில் கட்டங்கள் உண்டு. குதிரை எங்கே போகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. இந்த மேசையில் கட்டமே கிடையாது. இந்தப் புதருக்குப் பின்னால் நிற்பவன் கண்ணுக்குத் தெரிகிறானா, இந்த ஓடையைப் பீரங்கி தாண்டுமா என்பதையெல்லாம் எதிரெதிரே நிற்கும் இருவரும் ஒத்துக்கொண்டால்தான் ஆட்டம் நகரும். கீழே சொல்பவை எல்லாம் அந்த ஒத்துக்கொள்ளலைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

செய்ய வேண்டியவை

சின்னப் போரில் தொடங்குங்கள். வாட்டர்லூ மேல் எல்லோருக்கும் ஆசை. ஆனால் 1815 ஜூன் 18 அன்று அந்தச் சரிவுகளில் பிரெஞ்சுப் படை மட்டும் சுமார் 73,000 பேர். இருபது பேருக்கு ஓர் உருவம் என்று வைத்தாலும் ஒரு தரப்புக்கே 3,600 உருவங்களுக்கு மேல் வேண்டும். ஒரு மாலையில் அதை அடுக்கி முடிப்பதற்குள் மண்டபத்தைப் பூட்டும் நேரம் வந்துவிடும். பக்கத்துக்கு நான்கைந்து பட்டாலியன், ஒரு குதிரைப்படைப் பிரிவு, ஒரு பீரங்கி அணி போதும். புதியவர் என்றால் அதையும் குறைத்து, தரப்புக்குச் சில பத்து உருவங்களோடு ஆடும் ‘ஷார்ப் பிராக்டிஸ்’ போன்ற விதிகளில் தொடங்கலாம். முழுப் போரே வேண்டும் என்று அடம்பிடிக்கும் நண்பர்களுக்கு, ஒரு பிரிகேடையே ஓர் அலகாக வைக்கும் ‘ப்ளூக்கர்’ இருக்கிறது.

நண்பர்கள் ஐந்தாறு பேர் கூடினால் நான் முதலில் சொல்வது கத்ர்பிரா. வாட்டர்லூவுக்கு இரண்டு நாள் முன்னால், 1815 ஜூன் 16 அன்று, ஒரு நாற்சந்திக்காக நடந்த போர். மதியம் டச்சு, நாசாவ் வீரர்கள் ஏறத்தாழ 8,000 பேர் மட்டும் அங்கே நிற்க, பிரெஞ்சுத் தளபதி நேய் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட படையோடு வருகிறார். பிறகு பிரிட்டிஷ் தளபதி பிக்டனின் டிவிஷன், பிரன்ஸ்விக் படை, மாலையில் பிரிட்டிஷ் கார்ட்ஸ் என்று ஒவ்வொன்றாக வந்துசேர்கின்றன. வேலை முடிந்து தாமதமாக வரும் நண்பருக்கு இதைவிடப் பொருத்தமான போர் கிடையாது. அவர் எப்போது வருகிறாரோ அப்போது பிக்டன் வருகிறார். காத்திருந்த எவருக்கும் மாலை வீணாகாது.

ஐரோப்பாவோடு நின்றுவிடவும் வேண்டாம். பின்னாளில் வெல்லிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி 1803 செப்டம்பர் 23 அன்று அசாயேயில் மராத்தியப் படையை எதிர்த்தபோது, அவருடைய காலாட்படையில் பெரும்பகுதி மதராஸ் பட்டாலியன்கள். சிவப்புச் சட்டை மதராஸ் சிப்பாய்களை மேசையில் நிறுத்திப் பாருங்கள். அந்தப் போரைப்பற்றிக் கேள்விப்படாத கிளப் நண்பர்கள்கூட எழுந்து வந்து விசாரிப்பார்கள்.

பகடையைத் தொடுவதற்கு முன் மேசையைச் சுற்றி ஒருமுறை நடங்கள். இருவரும் சேர்ந்து நடக்கவேண்டும். ஒவ்வொரு வேலி, தோட்டம், குன்று முன்னாலும் நின்று வாய்விட்டுப் பேசுங்கள். ‘இந்தக் கல்சுவர் முழு மறைப்பு, அந்த முள்வேலி அரை மறைப்பு, சரிதானா? இந்தக் காட்டுக்குள் வரிசை அணியாக நுழைய முடியாது, சிதறி நின்று சுடும் வீரர்கள் மட்டும் போகலாம். ஓடையைக் காலாட்படை தாண்டும், பீரங்கி பாலம் வழியாகத்தான்.’ பத்து நிமிடம் ஆகும். ஒன்பது மணிக்கு, இருவருக்கும் அந்தக் கல்சுவர்தான் வெற்றி தோல்வி என்று ஆனபின் இதே பேச்சை ஆரம்பித்தால், யாராலும் நடுநிலையாக யோசிக்க முடியாது.

மேசையின் அகலம் ஆறு அடிக்கு மேல் வேண்டாம். நீளம் எவ்வளவு வேண்டுமானாலும் போகட்டும். கை எட்டாத நடுப்பகுதியில் சண்டை நடந்தால் யாராவது ஒருவர் மேசைமேல் சாய்வார்; அவருடைய சட்டைக்கை மூன்று படைப்பிரிவுகளைச் சாய்த்துவிடும்.

செய்யப்போவதை முதலில் சொல்லுங்கள், பிறகு செய்யுங்கள். ‘என் குதிரைப்படை இந்தக் குன்றைச் சுற்றிவந்து உங்கள் பீரங்கியைத் தாக்கப்போகிறது. இங்கிருந்து பீரங்கி தெரிகிறது என்று ஒத்துக்கொள்கிறீர்களா?’ எதிராளி குனிந்து பார்த்து ஆம் என்றபின் அளந்தால் தகராறுக்கே இடமில்லை. ‘பிளாக் பவுடர்’ விதிகள் இந்தப் பழக்கத்தை ஆட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கின்றன. அதில் தளபதி தன் கட்டளையை வாயால் சொல்லிவிட்டுத்தான் இரண்டு பகடை உருட்டவேண்டும். நன்றாக விழுந்தால் அதே முறையில் அந்தப் படை மூன்று நகர்வுவரை போகும். இரண்டு ஆறும் சேர்ந்து விழுந்தால் கட்டளையே தாறுமாறாகும். எண்ணைப் பார்த்தபின் ‘நான் நினைத்தது வேறு’ என்று மாற்றுவது அந்த விதியின் உயிரையே எடுத்துவிடும்.

விதியில் சந்தேகம் வந்தால் புத்தகத்தை ஒருமுறை, ஒரே ஒருமுறை புரட்டுங்கள். ஓரிரு நிமிடத்தில் கிடைக்கவில்லையா, ஒற்றைப் பகடை உருட்டி முடிவு செய்துகொண்டு மேலே போங்கள். வீட்டுக்குப் போய்ப் படித்து அடுத்த வாரம் சரியான விடையோடு வரலாம்.

நம்பமுடியாத முடிவுகளை வரவேற்றுக்கொள்ளுங்கள். காலாட்படை சதுர அணி வகுத்துவிட்டால் குதிரைப்படை உடைக்கமுடியாது என்பது அந்தக் காலத்தின் பாலபாடம். வாட்டர்லூவில் நேய் ஏவிய குதிரைப்படை அலை அலையாக வந்து, சதுரங்களை உடைக்கமுடியாமல் சுற்றிச்சுற்றித் திரும்பியது. ஆனால் 1812 ஜூலை 23 அன்று, சலமாங்கா போருக்கு மறுநாள், ஸ்பெயினின் கார்சியா எர்னாண்டஸில் பிரிட்டிஷ் சேவையில் இருந்த ஜெர்மானியக் குதிரைவீரர்கள் பிரெஞ்சுச் சதுரங்களை உடைத்தே விட்டார்கள். முதல் சதுரத்தின்மேல் குண்டடிபட்ட குதிரை ஒன்று அப்படியே போய் விழுந்தது. முன்வரிசையில் திறந்த பிளவு வழியாக மற்றவர்கள் உள்ளே புகுந்தார்கள். உங்கள் சதுரம் மேசையில் உடையும்போது ‘இது நடக்கவே நடக்காது’ என்று பகடையைத் திட்டுவதற்குப் பதில் அந்தக் குதிரையை நினைத்துக்கொள்ளுங்கள். பதினோரு பட்டாலியன் கணக்கு தப்பாமல் நடந்து, பன்னிரண்டாவது ஏதோ காரணத்தால் ஓடிப்போவதுதான் போர். அந்த உணர்வைத் தராத விதிகள் எனக்குப் பிடிப்பதில்லை.

உருவங்களை அடித்தட்டைப் பிடித்துத் தூக்குங்கள். ஈயக் கலவை வீரனின் துப்பாக்கிமுனைக் கத்தி ஊசியைவிடச் சற்றே தடிமன். இரண்டு முறை வளைத்தால் மூன்றாவது முறை கையோடு வந்துவிடும். தலையைப் பிடித்துத் தூக்கினால் விரலின் எண்ணெய்ப்பசை தொப்பியின் பித்தளைத் தகட்டில் போட்ட வண்ணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். கால்சட்டைப் பட்டன்வரை ஒற்றை மயிர்த் தூரிகையால் தீட்டியவர் எதிரிலேயே நிற்கிறார் என்பது நினைவிருக்கட்டும். அடித்தட்டின் கீழே காந்தத் தாள் ஒட்டி, தகரம் பதித்த பெட்டியில் வைத்தால் கார் பயணத்திலும் வீரர்கள் சாய்வதில்லை.

செய்யக்கூடாதவை

முதல் மாதமே படை வாங்கிவிடாதீர்கள். கடையில் பெட்டிகளைப் பார்த்தால் கை நிற்காது, தெரியும். ஆனால் கிளப்பில் எல்லோரும் 28 மில்லிமீட்டரில் ஆடும்போது நீங்கள் 15 மில்லிமீட்டரில் ஒரு பிரெஞ்சுப் படைத்தொகுதியையே தீட்டி வைத்திருந்தால் அது அலமாரியில்தான் இருக்கும். அடித்தட்டின் அளவும் அப்படியே. அகலம் ஆளுக்கு ஆள் மாறினால் ஒரே எண்ணிக்கை வீரர்கள் வெவ்வேறு நீளத்தில் நிற்பார்கள், வரிசையாகச் சுடும்போது கணக்கு இடிக்கும். சில வாரம் அடுத்தவர் படையை இரவல் வாங்கி ஆடுங்கள். எந்தக் கிளப்பிலும் யாராவது ஒருவரிடம் மூன்று ஆஸ்திரியப் பிரிகேடுகள் ஆளில்லாமல் காத்திருக்கும். வாங்கும் நாள் வந்தால் ஒரே ஒரு பட்டாலியன், 24 உருவம். தீட்டி முடித்துவிட்டு அடுத்தது.

வரலாறு தெரியும் என்பதை ஆயுதமாக்காதீர்கள். வாட்டர்லூ ஆடும் எவருக்கும் மாலையில் பிரெஞ்சுப் படையின் வலப்பக்கத்தில் ப்ரஷ்யர்கள் வருவார்கள் என்று தெரியும். அதனால் நெப்போலியனாக ஆடுபவர் காலையிலேயே அந்தப் பக்கம் பாதிப் படையை நிறுத்திவிடுவார். கத்ர்பிராவில் நேய் எதிர்பார்த்த தளபதி டெர்லோனின் படைத்தொகுதி, சுமார் 20,000 பேர், அங்கேயும் அதே நாள் அருகில் நடந்த லினி போருக்கும் இடையே அலைக்கழிக்கப்பட்டு இரண்டு போரிலும் சேராமலே நாளைக் கழித்தது. இது தெரிந்த பிரெஞ்சு ஆட்டக்காரர் அவர்களை நம்பமாட்டார். தெரியாத நேய் நம்பினார். அன்றைய குழப்பம் முழுக்க அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. மருந்து எளிது. வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பி, ஊர்ப் பெயர்களை மாற்றி, ‘ஸ்பெயின், 1811’ என்று சொல்லி ஆடவையுங்கள். உதவிப்படை எப்போது வரும் என்பதை நடுவர் மட்டும் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். ஆட்டம் முடிந்தபின் உண்மைப் பெயரைச் சொன்னால் அரைமணி நேரம் ஒருவரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள்.

கேட்காதபோது சீருடைக் குறை சொல்லாதீர்கள். 1812இல் பிரெஞ்சுச் சட்டையின் வால் குட்டையானது, பிரிட்டிஷ் தொப்பி மாறியது, எல்லாம் சரி. புதிதாக வந்தவர் 1815 தொப்பியோடு தன் முதல் பட்டாலியனை ஸ்பெயின் மேசையில் வைக்கும்போது அதைச் சொல்லும் நேரம் அதுவல்ல. அவராகக் கேட்டால் மனமாரச் சொல்லுங்கள்; புத்தகத்தையும் கடன் கொடுங்கள்.

மேசைமேல் தேநீர்க் கோப்பை வைக்காதீர்கள். அதற்குத் தனி நாற்காலி போடுங்கள்.

வாட்டர்லூவை ஜெயித்துக்கொடுத்தது வெல்லிங்டனா ப்ரஷ்யர்களா என்ற வாதத்தை ஆட்டத்துக்கு நடுவில் இழுக்காதீர்கள். அதற்கு முடிவே இல்லை. வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1830இல் வாட்டர்லூவுக்கே போய், லா ஏ சேந்த் பண்ணைவீட்டில் மாதக்கணக்கில் தங்கி நிலத்தை அளந்து, போரில் நின்ற அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கேட்டு, சுமார் 75,000 தகர உருவங்களோடு அந்தப் போரின் மாலைநேரத்தை ஒரு மாபெரும் மாதிரியாகச் செய்தார். 1838இல் லண்டனில் மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். அவருக்கு மிஞ்சியது கடன். ப்ரஷ்யர்களை அவர் நிறுத்திய இடமும் எண்ணிக்கையும் வெல்லிங்டன் தரப்புக்கு உவப்பாக இல்லை. கடைசியில் ப்ரஷ்ய உருவங்கள் பலவற்றை அவர் எடுத்துவிட நேர்ந்தது. அந்த மாதிரி இன்றும் லண்டன் செல்சியில், தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போரில் நின்றவர்கள் உயிரோடு இருந்தபோதே தீராத வழக்கை உங்கள் ஆறாவது முறையில் தீர்த்துவிட முடியாது. தேநீர் இடைவேளைக்கு ஒத்திவையுங்கள். அங்கே அது அருமையான பேச்சு.

செத்தவர்களைக் கேலிப்பொருள் ஆக்காதீர்கள். 1812 செப்டம்பர் 7 அன்று ரஷ்யாவின் போரோடினோவில் ஒரே பகலில் இரு தரப்பிலும் சேர்த்து 70,000 பேர்வரை செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ஸ்பெயினின் பதஹோஸ் கோட்டையைப் பிடித்த பிரிட்டிஷ் வீரர்கள் அந்த ஊர் மக்களைச் சூறையாடினார்கள். முற்றுகையை ஆடுங்கள், கோட்டைச்சுவர் உடைப்பை ஆடுங்கள். அதற்குப் பிறகு நடந்ததை வேடிக்கையாக்குவதை நான் எந்த மேசையிலும் ஏற்கமாட்டேன். பிரெஞ்சுக்காரன் ஓடுவான், ஸ்பானியன் நிற்கமாட்டான் என்ற மட்டமான நகைச்சுவையும் வேண்டாம். அந்த நாட்டவர் ஒருவர் பக்கத்து மேசையில் ஆடிக்கொண்டிருக்கலாம்.

கிளப்புக்கு மட்டும்

கட்டணத்தைக் கேட்குமுன் கொடுங்கள். மண்டப வாடகை அதிலிருந்துதான் போகிறது. மேசை தூக்கச் சீக்கிரம் வாருங்கள். ஆட வரமுடியாவிட்டால் முந்தின நாளே சொல்லுங்கள், ஏனென்றால் ஒருவர் உங்களுக்காகக் காரில் இரண்டு பெட்டிப் படையை ஏற்றியிருப்பார்.

வாசலில் தயங்கி நிற்கும் புதியவரைப் பார்த்தால் ஆட்டத்தை நிறுத்தி அழையுங்கள். விதிப்புத்தகத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள், ஒரு பிரிகேடைக் கொடுங்கள். ‘இந்தப் பாலத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள், எப்படி என்று நான் சொல்கிறேன்’ என்றால் போதும். அவருடைய முதல் பகடை நல்ல எண்ணாக விழுந்தால் கூட நின்று மகிழுங்கள், அது உங்கள் படைக்கு எதிராக விழுந்திருந்தாலும். எதிரே ஆடுபவர் அனுபவம் குறைந்தவர் என்றால் அவர் மறந்த நகர்வை ஞாபகப்படுத்துங்கள். ‘உங்கள் பீரங்கி இன்னும் சுடவில்லையே’ என்று சொல்லி அதனால் தோற்றவரைத்தான் அடுத்த வாரம் எல்லோரும் எதிராளியாகக் கேட்பார்கள்.

பூட்டுவதற்கு அரைமணி முன்பே ஆட்டத்தை முடியுங்கள். அப்போது எப்படி இருக்கிறதோ அதைவைத்து யார் கை ஓங்கியிருக்கிறது என்று பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். கலைப்பதற்கு முன் படம் எடுங்கள். பிறகு உருவங்களை அவரவர் பெட்டியில் எண்ணி வையுங்கள். காட்டு மரங்களுக்கு அடியில் ஒரு தம்பட்டக்காரனோ கொடிபிடிப்பவனோ எப்போதும் மறைந்திருப்பான், தேடுங்கள். தரையில் சிந்திய பச்சைத் தூளைப் பெருக்கிவிட்டு, அடுத்த வாரம் எந்த மேசை யாருக்கு என்று பலகையில் எழுதிவிட்டுக் கிளம்புங்கள்.