ஈயக் குண்டும் துணிக் கிளிப்பும்

கிந்தா பள்ளத்தாக்கில் வளரும் பிள்ளைகளுக்கு ஈயக் குட்டைகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அங்கே தூண்டில் போடும் என் மாணவன் ஒருவன் அண்மையில் ஒரு காணொளியைக் காட்டினான். படகின் விளிம்பிலிருந்து ஒரு கம்பி இறங்குகிறது. அதன் நுனியில் தேங்காய் அளவு குண்டு. "இவ்வளவு கனமான குண்டைத் தொங்கவிட்டால் மீன் கடிப்பது எப்படித் தெரியும், சார்?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அந்தக் கருவியின் பெயர் டவுன்ரிகர். குண்டு காரீயத்தால் ஆனது. எடை நான்கைந்து கிலோ இருக்கும். (நம் குட்டைகளில் தோண்டியது வெள்ளீயம். இரண்டும் வேறு வேறு தனிமங்கள்.) தூண்டில் நூல் குண்டோடு கட்டப்படுவதில்லை. குண்டுக்கு அருகே உள்ள ஒரு கிளிப்பில் அது செருகப்படுகிறது. போலி இரை அதற்கும் பின்னால் நீந்தி வரும். மீன் கடித்து இழுத்தால் கிளிப் நூலை விட்டுவிடும். குண்டு கம்பியிலேயே இருக்க, மீனோடு போராடுவது தூண்டில் கம்பு மட்டும்.

இக்கருவி பெயர் பெற்றது வட அமெரிக்காவின் பேரேரிகளில். 1966-இல் மிச்சிகன் மாநிலம் அங்கு கோஹோ சால்மன் குஞ்சுகளை விட்டது. சால்மன் குளிர்நீர் மீன். கோடையில் ஏரியின் மேல்நீர் சூடாகிவிட, அது ஆழத்துக்குப் போய்விடும். இரையும் அங்கே போக வேண்டும். நம் தோமான் அப்படியல்ல. விரால் இனமான அது காற்றைச் சுவாசிக்க அடிக்கடி மேலே வந்தே ஆக வேண்டும். ஆகவே நம் குட்டைக்கு டவுன்ரிகர் தேவையில்லை. ஆனால் அந்தக் கிளிப்பில் உள்ள அறிவியல் நமக்குத் தேவை.

கிளிப் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க வேண்டும்? நீரில் போகும் இரையை நீர் பின்னோக்கி இழுக்கிறது. வேகம் இரு மடங்கானால் இந்த இழுவை விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஒரு நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் இழுவை 2 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். 2 மீட்டரில் அது 8 நியூட்டன், 2.5 மீட்டரில் 12.5 நியூட்டன். கிளிப்பை 10 நியூட்டனில் விடும்படி வைத்தவர் படகைச் சற்றே விரைவாக ஓட்டினால், மீனே இல்லாமல் கிளிப் திறந்துகொள்ளும்.

எதற்கு வம்பு என்று 30 நியூட்டனில் இறுக்கி வைத்தால்? மெதுவாகப் போகும்போது, 2 நியூட்டன் போக மீதி 28-ஐயும் மீன்தான் இழுக்க வேண்டும். பெரிய மீன் இழுத்துவிடும். சிறிய மீனால் முடியாது. மேலே கம்பு அசையாது, யாருக்கும் தெரியாது. கொக்கியில் மாட்டிய குஞ்சு படகின் பின்னால் இழுபட்டே சாகும். திரும்ப நீரில் விட்டிருக்க வேண்டிய மீன் அது. எனக்கு இந்தக் கிளிப்பில் முக்கியமாகப் படுவது இதுதான்.

பல கிளிப்புகளில் இறுக்கத்தை மாற்றத் திருகாணிகூட வேண்டாம். நூலை வாயின் உள்ளே, கீலுக்கு அருகே செருகினால் பிடி இறுகும். நுனியில் செருகினால் தளரும். படிவம் 2 அறிவியலில் 'மோமென் டாயா' என்று படித்த அதே திருப்புத்திறன்தான். சுருள்வில் தரும் திருப்புத்திறன் மாறுவதில்லை. தூரம் கூடக்கூட அழுத்தும் விசை குறைகிறது.

இனி நூல். நைலான் தங்கூசி நீளும். 30 மீட்டர் நூல் 5 விழுக்காடு நீண்டாலே ஒன்றரை மீட்டர். மீன் வெடுக்கென்று இழுக்கும் இழுப்பில் ஒரு பகுதியை நூலே விழுங்கிவிடுகிறது. ஆகவே நீளமான நைலானுக்குக் கிளிப் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும். பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்த நூல் மிகக் குறைவாகவே நீளும். அதே வலுவுக்கு மெல்லியதும்கூட. மெல்லிய நூலில் நீரின் இழுவையும் குறைவு. ஆனால் அது வழுக்கும். கிளிப்பில் உராய்வு போதாமல் நழுவிவிடும். அதற்கு மீனவர்கள் செய்யும் தந்திரம் எளியது: நூலின்மேல் ரப்பர் வளையத்தைப் பல சுற்று சுற்றி, அந்த ரப்பரைக் கிளிப்பில் மாட்டுவார்கள். ரப்பர் தோட்டத்துப் பேரப்பிள்ளைகளான நமக்கு இது தோன்றியிருக்க வேண்டும்!

வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். குட்டைக்குப் போக வேண்டாம்; அதன் கரை சரியும். துணிக் கிளிப் ஒன்றை மேசை விளிம்பில் கட்டுங்கள். நைலான் நூலை அதன் நுனியில் கவ்வவிட்டு, மறுமுனையை நியூட்டன் தராசில் மாட்டி மெதுவாக இழுங்கள். நூல் நழுவும் கணத்தில் தராசு காட்டும் எண்ணைக் குறியுங்கள். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். பிறகு நூலை ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி மீண்டும் அளவிடுங்கள். கடைசியாக நூலையும் கிளிப்பையும் நனைத்துவிட்டு அளந்து, முதல் எண்ணோடு ஒப்பிடுங்கள். டவுன்ரிகர் கிளிப் எப்போதும் நீருக்குள்தானே இருக்கிறது?