கை ஓங்குவது இரத்தத்தின் குணமா?

“எங்கள் அத்தாவுக்கும் இதே கோபம்தான், இது எங்கள் பரம்பரைக் குணம்!” மனைவியை அடித்தவரை ஜமாஅத்தில் அழைத்து விசாரித்தால் இப்படியும் பதில் வருவதுண்டு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மஹல்லாக்களுக்கும் இது புதிதல்ல. இந்தச் சாக்கு மார்க்கத்தில் செல்லுமா என்பதை ஆராய்வோம்.

பிறவிக்குப் பங்கில்லை என்று நாம் சொல்லவில்லை. அப்துல் கைஸ் கூட்டத்தாரின் தலைவர் அஷஜ் (ரலி) அவர்களிடம் பொறுமை, நிதானம் என்ற இரு குணங்களை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்தார்கள். அவை நானாகத் தேடிக்கொண்டவையா, என்னுள் படைக்கப்பட்டவையா என்று அவர் வினவ, அல்லாஹ் படைத்தவையே என்று விடையளித்தார்கள் (அபூதாவூத்). சாந்தம் பிறவியில் அமையுமெனில், முன்கோபமும் அமையலாம்.

இன்றைய ஆய்வுகளும் இதைத் தொட்டுள்ளன. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73-ல் பிறந்த குழந்தைகளைப் பல்லாண்டு கவனித்து வந்த அறிஞர்கள், 2002-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மூளையின் இரசாயனங்களோடு தொடர்புடைய ஒரு மரபணு சில ஆண்களிடம் மந்தமாக இயங்குகிறது. அவர்களுள் சிறுவயதில் கொடுமைப்பட்டவர்களிடமே வன்முறை மிகுந்திருந்தது. கொடுமையின்றி வளர்ந்தவர்களிடம் அப்படி மிகவில்லை. பிந்தைய ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை என்றாலும், மரபணு மட்டுமே மனிதனை அடிக்கச் செய்கிறது என்று எவரும் நிறுவவில்லை.

நம் நாட்டு நிலை என்ன? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், அடிக்கடி குடித்து வெறிக்கும் கணவர்களின் மனைவியருள் நூற்றுக்குச் சுமார் 70 பேர் கொடுமையைச் சந்தித்துள்ளனர். குடிக்காதவர்களின் மனைவியருள் சுமார் 23 பேர். மதுக்கிண்ணத்தை எடுத்தது இரத்தமா, கையா? ஆயினும் குடிக்காத வீட்டிலும் 23 பேர் என்பதைக் கண்டு நாம் வெட்கப்பட வேண்டும். தாய் அடிபடுவதைப் பார்த்து வளர்ந்த பெண்கள் தாமும் அடிபடுவது அதிகம் என்றும் அக்கணக்கெடுப்பு காட்டுகிறது. அவளை அடிப்பவனோ வேறு குடும்பத்துப் பிள்ளை! இதில் இரத்தம் எங்கே வந்தது?

இன்னொன்றையும் சிந்தியுங்கள். தொழிற்பேட்டையில் மேற்பார்வையாளர் ஏசும்போது அந்தக் கை எழுவதில்லை. அதே இரத்தம்தான் அங்கும் ஓடுகிறது. வேலை போய்விடுமென்ற அச்சம் அடக்குகிறது. வீட்டில் அல்லாஹ்வின் அச்சம் ஏன் அடக்கவில்லை?

கோபம் வருவது குற்றமன்று. அதை அவிழ்த்து விடுவதே குற்றம். மல்யுத்தத்தில் வீழ்த்துபவனல்ல, கோபத்தில் தன்னை அடக்குபவனே வீரன் என்று நபியவர்கள் போதித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). நின்றிருப்பவர் உட்காரட்டும், அப்போதும் தணியாவிடில் படுக்கட்டும் என வழியும் காட்டினார்கள் (அபூதாவூத்). அவர்கள் எந்தப் பெண்ணையும், எந்தப் பணியாளையும் தம் கரத்தால் அடித்ததேயில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள் (முஸ்லிம்).

ஜமாஅத் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடிபட்டு வந்த பெண்ணிடம் “ஸபூர் செய்யம்மா” என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள். ஸபூரை முதலில் அவள் கணவனுக்குக் கற்பியுங்கள். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும், 181 என்ற மகளிர் உதவி எண்ணும் அவளுக்கு உண்டு. அவற்றை நாடுவது குடும்பத்துக்கு இழுக்கன்று.

உங்கள் தந்தை தந்த இரத்தத்தை நீங்கள் மாற்ற முடியாது. உங்கள் மகன் வீட்டில் எதைப் பார்த்து வளர்கிறான் என்பது உங்கள் பொறுப்பு. அதைப் பற்றி மறுமையில் கேட்கப்படுவீர்கள். நம் கைகளையும் நாவுகளையும் அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.